பாலத்தின் அடிவயிறு

மேட்டுப்பாளையத்தில் குன்னூர் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கல்லாறு தாண்டியதும் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு ஜன்னலில் தலை சாய்த்திருப்பார்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே வருகிற குழந்தைகள் உண்டு. பாலங்களை எண்ணுகிறவர்களை நான் பார்த்ததில்லை. ஒரு பாலம் வந்து போனதே, சக்கரம் 'டொடக்' என்று போடும் சத்தத்தில்தான் தெரியும். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

இத்தனைக்கும் பாதி ஊருக்குப் பேரே பாலத்தை வைத்துத்தான். மரப்பாலம் என்று ஒரு ஸ்டாப் இருக்கிறது. சின்ன வயதில் மரத்தால் செய்த பாலம் வரும் வரும் என்று எட்டி எட்டிப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். பேர் மட்டும்தான் மிச்சம். என் அம்மாவிடம் மரப்பாலம் என்று சொன்னால் பாலம் ஞாபகம் வராது. 1993 நவம்பர் மழையில் அங்கே இறங்கிய மண்சரிவுதான் வரும்.

எனக்குத் தொழில் கல்யாண போட்டோ. முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேமராவைத் துடைத்து வைத்துவிட்டு யூடியூப் பார்ப்பேன். அப்படி ஒரு நாள் மாட்டியதுதான் பாலங்களுக்குள் நுழைகிறவர்களின் வீடியோ. ஐரோப்பாவில் பெரிய பெரிய ஹைவே பாலங்கள், மேலே தார் ரோடு, கீழே உள்ளீடற்ற பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். ஆஸ்திரியாவில் பிரென்னர் சாலையில் இருக்கிற ஐரோப்பாப் பாலம் அந்த ஜாதி. 1963இல் திறந்தது, பள்ளத்தாக்கிலிருந்து 190 மீட்டர் உயரம். தலைக்கு மேல் லாரிகள் ஓட, உள்ளே டார்ச் அடித்துக்கொண்டு நெடுந்தூரம் நடக்கிறான் ஒருவன். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

நம் மலைப்பாதையில் அப்படிப் பெட்டிப் பாலம் எல்லாம் கிடையாது. நம் ஊர் சாலை விதிப்படி 6 மீட்டர் வரை நீளம் இருந்தால் அது கல்வெர்ட். 60 மீட்டர் வரை சிறு பாலம், அதற்கு மேல் போனால்தான் பெரிய பாலம். கல்லாறுக்கு மேலே ஏறும் பாதையில் பெரும்பாலும் முதல் இரண்டு ரகம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. (எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம்.) என்.எச். 181 என்று பச்சைப் பலகை வைத்த தேசிய நெடுஞ்சாலை, அதற்கு அடியில் யாருமே பார்க்காத ஓர் இடம். அது போதுமே எனக்கு.

எந்தப் பாலம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் பைக்கை ஓரம் கட்டுவீர்கள். கல்லாறுக்கும் பர்லியாறுக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போனது பங்குனிக் கடைசியில். நான், மாமா பையன், அவனுடைய நண்பன். யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அது காப்புக்காடு, அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைத்தாலே குற்றம் என்று தெரியும். ரோட்டிலிருந்து 20 அடி இறங்குவதெல்லாம் காட்டுக்குள் போவதா என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம், கல்யாணத்துக்கு வைத்திருந்த ட்ரோனையும் எடுத்துப் போனது. பாலத்துக்கு அடியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிற மாதிரி ஒரு ஷாட். நினைத்துப் பார்க்கவே நன்றாக இருந்தது.

பாலத்தின் கீழ்ப்பக்கத்தில், நடுவாந்திரத்தில், ஒரு கறுத்த அடை தொங்கியதை மூன்று பேரும் பார்த்தோம். முறம் அகலம் இருக்கும். ஈரம் ஊறிய கறை என்று நினைத்தேன். டெலி லென்ஸ் பையிலேயே இருந்தது. ஒரு தரம் எடுத்துப் பார்த்திருந்தால், அந்தக் கறை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அலை அலையாகச் சிலிர்ப்பது தெரிந்திருக்கும். மலைத்தேனீ. பாறை இடுக்கு கிடைக்காவிட்டால் பாலம், தண்ணீர்த் தொட்டி, உயரமான மாடி என்று எங்கே வேண்டுமானாலும் ஒற்றை அடையாகக் கட்டும். வீட்டுத் தோட்டத்துப் பெட்டித் தேனீயோடு அதை ஒப்பிடவே கூடாது. அளவும் பெரிசு, கோபமும் பெரிசு.

ட்ரோன் விசிறி சுற்றி, உள்ளே நுழைந்து, ஒரு மூன்று விநாடி. அப்புறம் நடந்ததைப் பொறுமையாகச் சொல்ல எனக்கு வராது. அடை அப்படியே உதிர்ந்த மாதிரி இருந்தது. மாமா பையன் தண்ணீரில் குதித்தான். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் குப்புறப் படுத்து எவ்வளவு நேரம் மூச்சடக்குவது? தலை தூக்கிய ஒவ்வொரு தரமும் அவை அங்கேயே இருந்தன. நான் கையை வீசி வீசி அடித்தேன், அது அடுத்த தப்பு. எப்படி ரோட்டுக்கு ஏறினேன் என்று தெரியவில்லை. ஊட்டியிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரி ஒன்று, எங்களைப் பார்த்ததும் நின்றது.

"ஏறுங்கடா! ஏறிக் கதவைச் சாத்துங்கடா!"

அந்த டிரைவர் அண்ணன் முகம் இன்று வரை மறக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, எங்களோடு உள்ளே வந்துவிட்ட ஏழெட்டு ஈக்களைத் துண்டாலேயே அடித்துப்போட்டார். மேட்டுப்பாளையம் போய்ச் சேரும் வரை திட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டபோதும் திட்டினார். எனக்கு 19 கொட்டு, மாமா பையனுக்கு 30க்கு மேல். ஊசி போட்டுப் படுக்கவைத்து, மூச்சு இறைக்கிறதா, நாக்கு தடிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று நர்ஸ் அக்கா அரை மணிக்கு ஒரு தரம் வந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கொட்டின இடத்தின் வலியை அவர் கண்டுகொள்ளவே இல்லை. இந்த மூன்று கேள்விதான் முக்கியம் என்பது பிறகு புரிந்தது. சிலருக்கு ஒரே கொட்டிலேயே மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். அப்படி ஏதாவது அறிகுறி தெரிந்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் 108க்குப் போன் போட வேண்டும்.

அங்கே கற்றதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேனீ கிளம்பிவிட்டால் கை வீசாதீர்கள், தண்ணீரில் குதிக்காதீர்கள். சட்டையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல் ஓடுங்கள். வண்டியோ கதவோ கிடைக்கும் வரை ஓடுங்கள். கொடுக்கு தோலில் தங்கினால் அதோடு விஷப்பையும் ஒட்டியிருக்கும், அது தொடர்ந்து விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். எப்படி எடுப்பது என்று யோசிக்க வேண்டாம், நகத்தாலோ அட்டையாலோ உடனே வழித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. எந்தப் பாலத்துக்குக் கீழே இறங்குவதாக இருந்தாலும், ரோட்டோரத்தில் பத்து நிமிஷம் நின்று, லென்ஸையோ பைனாகுலரையோ வைத்து அடிப்பக்கத்தை ஓர் அங்குலம் விடாமல் பாருங்கள். அடை இருந்தால் அன்றைக்கு டீ குடித்துவிட்டு வீடு திரும்புவதுதான் வேலை.

ட்ரோன் இன்னும் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு வருஷம் அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் பர்லியாறில் பஸ் டீக்கு நின்றபோது, பலாப்பழக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 30 வருஷத்துக்கு மேல் இதே மலைப்பாதையில் மண்வெட்டி பிடித்தவர். தேனீக் கதையைச் சொன்னதும் சிரிக்கவில்லை. எந்தப் பாலம் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"அதுல வருஷா வருஷம் கட்டுமுங்க. மழை தொடங்கினா போயிரும். ஏனுங்க தம்பி, பங்குனியிலயா போவாங்க? கார்த்திகையில வாங்க, நான் காட்டறேன்."

சரி என்றேன். ஆனால் இந்தத் தடவை முறையாகப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். வனச்சரகர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். முதலில் முடியாது என்றார்கள். நியாயம்தான், 'பாலத்துக்கு அடியில் போட்டோ எடுக்க வேண்டும்' என்று ஒருவன் வந்து நின்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். எந்த இடம், எத்தனை பேர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ட்ரோன் இல்லை, வெளிச்சம் போட்டு விலங்குகளைத் தொந்தரவு செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு, காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை என்று சொல்லி, ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரையும் கூட அனுப்பினார்கள். தயவுசெய்து இதைச் செய்யுங்கள். அலைச்சல் இருக்கும். ஆனால் அந்தக் காவலர் தம்பி இல்லாமல் போயிருந்தால் நாங்கள் அன்று இறங்கியே இருக்கக் கூடாது.

ஏனென்றால் இறங்குகிற தடத்திலேயே யானை லத்தி (சாணம்) கிடந்தது. நான் தாண்டிப் போகப் பார்த்தேன். அவர் குந்தி உட்கார்ந்து, குச்சியால் பிரித்து, உள்ளே விரல் வைத்துப் பார்த்தார். மேலே காய்ந்த பொருக்கு, உள்ளே சூடு இல்லை. "நேத்து ராத்திரி வந்துட்டுப் போயிருக்கு" என்றார். கல்லாறும் அதற்கு மேலே இருக்கிற சரிவும் யானை கடக்கிற வழி. பர்லியாறில் பலா பழுக்கிற மாதங்களில் இன்னும் அதிகம். யானைக்கு ரோடு ஒரு தடை. மேலே வண்டி போய்க்கொண்டே இருந்தால், உயரம் இருக்கிற பாலத்துக்கு அடியில் நுழைந்துதான் அது கடக்கும். நீங்கள் ரகசிய இடம் என்று நினைத்து இறங்குகிற பாதை, அதற்கு ஊர்ப் பொதுவழி. லத்தி பளபளவென்று ஈரமாக இருந்தாலோ, கை வைத்தால் சூடாக இருந்தாலோ அப்படியே திரும்பி ஏறிவிட வேண்டும். காலை 8க்கு முன்னாலும் மாலை 4க்குப் பின்னாலும் அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம் என்று காவலர் தம்பி சொன்னார்.

இன்னொரு ஏற்பாடும் அவர் யோசனைதான். ஒருவர் மேலே ரோட்டில் இருக்க வேண்டும். கீழே போன் சிக்னல் கிடையாது, மேலே உண்டு. பள்ளத்து இரைச்சலில் பத்தடி தூரத்தில் கத்தினாலும் கேட்காது என்பதால் ஆளுக்கொரு விசில். ஒரு தரம் ஊதினால் 'நல்லா இருக்கேன்', இரண்டு தரம் 'இங்கே வா', மூன்று தரம் 'எல்லாரும் மேலே ஏறு'. என் அசிஸ்டெண்ட் பையனை மேலே நிறுத்தினோம்.

பெரியவர் முதலில் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பெயின்ட்டில் எழுதியிருந்த எண்ணைக் காட்டினார். நடுவே ஒரு சாய்கோடு போட்டு இரண்டு எண்கள். முதல் எண் எந்தக் கிலோமீட்டர் என்பது, அடுத்தது அந்தக் கிலோமீட்டரில் எத்தனையாவது பாலம் அல்லது கல்வெர்ட் என்பது. இத்தனை வருஷம் அந்த எண்ணை நான் விளம்பரம் மாதிரிதான் பார்த்திருக்கிறேன். விபத்தோ மண்சரிவோ நடந்து போன் செய்தால், "மூணாவது வளைவு தாண்டி ஒரு பெரிய மரம்" என்று சொல்வதைவிட அந்த எண்ணைச் சொன்னால் ஆள் நேராக வந்து நிற்பார்கள். கீழே இறங்குமுன் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே போனதும் முதலில் பட்டது வாடை. ஈர மண், வௌவால் புழுக்கை, அதற்கு மேல் கருகிய ரப்பர் மாதிரி ஒன்று. இறங்குகிற வண்டிகளின் பிரேக் லைனிங் காய்கிற வாடை அது. மேலே காற்றில் கலைந்துவிடுகிறது, கீழே வந்து தேங்குகிறது. அடுத்தது குப்பை. மேலிருந்து வீசின பால் பாக்கெட், பிராந்தி பாட்டில், குழந்தை நாப்கின். அவற்றுக்கு நடுவே கண்ணாடி உடைந்த சாமி படங்கள். வீட்டில் பழசாகிப்போன முருகனையும் லட்சுமியையும் குப்பையில் போட மனசு வராமல், ஓடுகிற தண்ணீரில் விடுவதாக நினைத்துப் பாலத்தில் நிறுத்தி வீசியிருக்கிறார்கள். பாதி வருஷம் அங்கே தண்ணீரே கிடையாது. சட்டத்துக்குள் கரையான் புகுந்து, முருகன் போய் வேல் மட்டும் மிச்சம் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன்.

மேலே இருப்பது ஒரே பாலம். கீழே பார்த்தால் இரண்டு. மலைப் பக்கம் பாதி பழைய கருங்கல் வளைவு. பள்ளத்துப் பக்கம் பாதி, ரோட்டை அகலப்படுத்தியபோது சேர்த்த கான்கிரீட் தளம். தாத்தா தோளில் பேரன் கை போட்ட மாதிரி இரண்டும் ஒட்டி நிற்கின்றன. நடுவே நூல் பிடித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. நீங்கள் பஸ்ஸில் போகும்போது வலது சக்கரம் கல் மேல் போகிறது, இடது சக்கரம் கான்கிரீட் மேல் போகிறது, அல்லது நேர்மாறாக. உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

கல் வளைவில் உச்சிக்கல்லைச் சுற்றி, இணைப்புகளிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் குச்சிகள் தொங்கின. ஊசி அளவு சிலது, பென்சில் நீளம் சிலது. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு. மழைத்தண்ணீர் மேலிருந்து ஊறி இறங்கும்போது காரையிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து, நுனியில் காய்ந்து காய்ந்து கட்டியது. குகைகளில் தொங்குகிற அதே சங்கதி. நகத்தால் லேசாகச் சுண்டினேன், 'டிங்' என்றது. பெரியவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"வெள்ளையா சொட்டறது வயசானா வர்றதுங்க. அது பெருகாம இருந்தாப் போதும். இக்கட்டால பாருங்க."

(இக்கட்டால என்றால் இந்தப் பக்கம்.) கான்கிரீட் பக்கம் காட்டினார். ஓர் இடத்தில் உள்ளங்கை அகலம் பூச்சு பெயர்ந்து, உள்ளே கம்பி தெரிந்தது. அதைச் சுற்றி வெற்றிலைச் சாறு துப்பின மாதிரி செம்பழுப்புக் கறை. கம்பி துருப்பிடித்தால் அது பருக்கும். பருத்தால் மேலே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளும். தள்ளினால் வெடிக்கும், வெடித்தால் இன்னும் தண்ணீர் போகும். வெள்ளைக் கறைக்கும் செம்பழுப்புக் கறைக்கும் இவ்வளவு வித்தியாசம்.

மூன்றாவது ஒன்றும் இருந்தது. பக்கவாட்டுச் சுவரில் வரிசையாக ஓட்டைகள், வீப் ஹோல். சுவருக்குப் பின்னால் மண் நிரம்பியிருக்கும், மண்ணில் தண்ணீர் சேரும். அது வெளியே வர வழி இல்லையென்றால் சுவரையே நெட்டித் தள்ளிவிடும். அதற்குத்தான் அந்த ஓட்டைகள். 30 வருஷம் அவர் செய்த வேலையில் முக்கால்வாசி அந்த ஓட்டைகளில் அடைத்த வேரையும் சருகையும் கம்பியால் குத்தி எடுத்ததுதானாம். அன்று ஏழெட்டு ஓட்டைகளில் தெளிந்த தண்ணீர் வடிந்தது, இரண்டு காய்ந்திருந்தன. காய்ந்ததைப் பார்த்துதான் அவர் முகம் சுளித்தார்.

"தெளிஞ்ச தண்ணி வந்தா நல்லதுங்க. கலங்கலா வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். எதுவுமே வரலீன்னா, அடைச்சிருக்கு. அதுதானுங்க ரொம்ப மோசம்."

அங்கேயே கிடந்த ஒரு காட்டுக் குச்சியை ஒடித்துக் குத்த ஆரம்பித்துவிட்டார். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியிருந்தது அவருக்கு.

அவர் குத்திக்கொண்டிருந்த நேரத்தில் நான் ட்ரைபாடைச் சுவரின் விளிம்பில் வைத்து எட்டு விநாடி எக்ஸ்போஷரில் படம் எடுத்துப் பார்த்தேன். கல்யாண மண்டபத்து வழக்கப்படி ஃப்ளாஷ் அடித்தால் தலைக்கு மேல் இருக்கிற வௌவால் எல்லாம் கலைந்துவிடும், அதனால் இருக்கிற வெளிச்சம்தான். முதல் நாலு படமும் கலங்கியிருந்தன. லென்ஸைத் துடைத்தேன், ஃபோகஸ் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, மேலே லாரி போகும்போதெல்லாம் சுவர் அதிர்கிறது. தரையில் பாறை மேல் வைத்ததும் சரியாகிவிட்டது. அதிலிருந்து சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ஷட்டரை அழுத்தப் பழகினேன். கான்கிரீட் தளம் முடிந்து ரோடு தொடங்குகிற இணைப்பில் அச்சுக்கு ஓர் அடி. பஸ் என்றால் 'டொக்… டொக்'. கொஞ்சம் பெரிய லாரி என்றால் 'டொக்… டொக்டொக்'. அரை மணி நேரத்தில் மேலே என்ன போகிறது என்று பார்க்காமலே சொன்னேன். காவலர் தம்பி விசில் அடித்துக் கேட்டு என் அசிஸ்டெண்ட் கையசைப்பில் சரிபார்த்தார், பத்துக்கு எட்டு சரி.

அந்த இணைப்பில் இடைவெளி எதற்கு என்றால், கான்கிரீட் வெயிலில் நீளும். 30 மீட்டர் தளம் 20 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வளரும். வளர இடம் விடாவிட்டால் தானே இடம் எடுத்துக்கொள்ளும். நாங்கள் நின்ற பாலம் அதில் பாதி நீளம்கூட இல்லை, இருந்தாலும் அந்த இடைவெளியில் கூழாங்கல் இறுகிக் கிடந்தது. அதையும் பெரியவர் விடவில்லை.

பிறகு எங்களைத் தூணின் அடிக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் அவர் அதிக நேரம் நின்றார். தண்ணீர் தூணில் மோதிச் சுழிக்கிற இடத்தில், அடியில் இருக்கிற மணலையும் கல்லையும் பறித்துக் குழி தோண்டும். வெள்ளம் வடியும்போது அதே குழியை மணல் நிரப்பிவிடும். ஆகவே வெயில் காலத்தில் வந்து பார்க்கிறவனுக்குத் தூண் உறுதியாக மண்ணில் நிற்கிற மாதிரியே இருக்கும். அவர் கையிலிருந்த கம்பியை மணலில் அழுத்தினார். முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்த ஆழம் முழுக்கப் போன மழையில் வெறும் தண்ணீராக இருந்த இடம். அதற்குக் கீழே 'ணங்' என்று பாறை தட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பாலங்கள் பாரம் தாங்காமல் விழுகின்றன என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம், அதுவும் அடியில். 2016 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தில் மகாட் அருகே சாவித்ரி ஆற்றின் பழைய கல் வளைவுப் பாலம் ராத்திரி வெள்ளத்தில் போனபோது பஸ்களும் சேர்ந்து போயின. இத்தாலியில் ஜெனோவா நகரத்தின் மொராண்டி பாலம் கதை வேறு. அது 1967இல் திறந்த மோட்டார்வே பாலம். தாங்குகிற இரும்புக் கம்பிகளையே கான்கிரீட்டுக்குள் வைத்து மூடியிருந்தார்கள். உள்ளே அரித்ததை வெளியிலிருந்து யாரும் சுலபமாகப் பார்க்க முடியவில்லை. 2018 ஆகஸ்ட் 14 அன்று விழுந்து 43 பேர் இறந்தார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னேன். கம்பியைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், "மூடி வெச்சா எப்படிங்க பாக்கறது?" என்றார்.

மணி பன்னிரண்டு இருக்கும். பக்கத்தில் எங்கோ சீகாரப் பூங்குருவி ஒன்று, பள்ளிக்கூடம் கட் அடித்த பையன் விசில் அடிக்கிற மாதிரி, பாதி ராகத்தில் நிறுத்தி நிறுத்திப் பாடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். நான் காலில் ஏறின அட்டையைப் புகையிலைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். (உப்பைவிட இது மேல். கீழே இறங்குமுன் புகையிலையை நனைத்த துணியைச் சாக்ஸுக்கு மேல் கட்டிக்கொண்டால் பாதி அட்டை ஏறவே ஏறாது. கம்பூட்ஸ் வேண்டாம், உள்ளே தண்ணீர் புகுந்தால் காலில் குடம் கட்டின மாதிரி. மெல்லிய அடி வைத்த கேன்வாஸ் ஷூதான் ஈரப் பாறையில் பிடிக்கிறது.) வெயில் நன்றாக அடித்தது. வானத்தில் எங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம் கிடையாது.

பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு பார்த்தேன். அதுவரை வராத சருகுகள், பச்சை இலையோடு ஒரு கொம்பு. தண்ணீரின் நிறம் டீயில் ஒரு சொட்டுப் பால் விட்ட மாதிரி மங்கியது. உயரம் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை.

"எந்திரிங்க. பையை எடுங்க. அப்புறம் பேசலாம்."

மூன்று விசில். ஏறினோம். நான் லென்ஸ் மூடியைத் தேடினேன், காவலர் தம்பி காலரைப் பிடித்து இழுத்தார். ரோட்டுக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தபோது, நாங்கள் உட்கார்ந்திருந்த தட்டைப் பாறையைச் சுற்றித் தண்ணீர் ஓடியது. கால் மணி நேரத்தில் பாறை தெரியவில்லை. மேலே குன்னூர்ப் பக்கம் எங்கோ நல்ல மழை, எங்களுக்கு வெயில். ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கிழக்குச் சரிவில் மழை எப்படி இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. அவ்வளவும் இந்த மாதிரிப் பள்ளங்கள் வழியாகத்தான் கீழே வந்தாக வேண்டும். வானத்தைப் பார்த்துக்கொண்டு பள்ளத்தில் உட்காராதீர்கள். தண்ணீரைப் பாருங்கள். நிறம் மாறினாலோ, சருகு வந்தாலோ, இரைச்சலின் சுருதி தடித்தாலோ உடனே கிளம்புங்கள். எந்தக் கரையில் இறங்கினீர்களோ அதே கரையில் ஏறுங்கள், குறுக்கே கடக்கப் போகாதீர்கள்.

போட்டோக்களைப் பார்த்த நண்பர்கள் அடுத்துக் கேட்டது ரயில் பாலங்களைப் பற்றி. ஆசை எனக்கும் உண்டு. 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை. 46 கிலோமீட்டரில் 250 பாலம், 16 சுரங்கம், 208 வளைவு. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளத்தில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். ஆனால் தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவுப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட, அந்தப் பாலங்களில் ஒதுங்கி நிற்க இடமே கிடையாது. கால அட்டவணையில் இருக்கிற ரயில் போய்விட்டது என்று நம்பி நடக்க முடியாது, பாதையைச் சரிபார்க்கிற ட்ராலி எப்போது வேண்டுமானாலும் வரும். டிக்கெட் எடுத்து ஜன்னல் ஓரம் உட்காருங்கள், எனக்கு அதுவே போதும் என்றுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, கல் வளைவின் அடிப்பக்கத்தை எடுத்ததில் நன்றாக வந்த ஒன்றை 12க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டு, பர்லியாறுக்கு எடுத்துப் போனேன். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வழிந்து, ஒவ்வொரு கல்லின் உளி வெட்டும் தெரிகிற மாதிரி வந்திருந்தது. காய்ந்த இரண்டு ஓட்டைகளையும் தனியாகப் படம் எடுத்து, சுவரிலிருந்த எண்ணோடு சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். பிரிண்டைக் கையில் வாங்கி, எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். ஏதோ சரியில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஃபோகஸ் தவறிவிட்டதோ என்று எனக்குப் பதற்றம்.

படத்தைத் தலைகீழாகத் திருப்பினார்.

"நான் அக்கட்டாலிருந்துதானுங்க எப்பவும் இறங்குவேன்" என்றார். "இப்பச் சரியா இருக்குது."